மூன்று ஆச்சரியக்குறிகள்

ஜார்ஜ்டவுனில் பேனர் அச்சடிக்கும் அந்த அண்ணனின் மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். எந்த வரியானாலும் முடிவில் மூன்று ஆச்சரியக்குறி போடுவார். ஆறாம் வகுப்போடு நின்ற நான், மகளின் பாடநூலைப் பார்த்து இந்தக் குறிகளைக் கற்றவள். மாமியாரின் இரங்கல் பேனரில் “காலமானார்!!!” என்று கண்டதும் அந்தக் குறிகளை விரலால் தொட்டுக் காட்டினேன்.

“அண்ணே, மருமகளுக்கு ஒரே சந்தோஷம்னு பேசுவாங்க. எடுத்துடுங்க.”

“வெறும் புள்ளி வெச்சா ஏனோதானோன்னு இருக்கும் லா, தங்கச்சி. எல்லாச் சாவுக்கும் மூனுதான்.”

கெஞ்சி எடுக்க வைத்தேன்.

சாவு வீட்டில் பேனரைப் படித்த நாத்தனாரின் முகம் சுருங்கியது. “எதிர்வீட்டு மாமாவுக்கு மூனு போட்டாங்க. எங்கம்மாவுக்கு ஒன்னுகூட கெடையாதா, அண்ணி?”

நான் படித்தது சரிதான். ஆனால் எங்கள் ஊர்த் துக்கத்தை அந்த அண்ணன் என்னைவிட அதிகம் படித்திருக்கிறார்.