நாயீன் ஊர் விதவையின் படம்

காலை ஆறரைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பேருந்து ஏறினேன். எண்பத்தைந்து கிலோமீட்டர்தான். இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம். என்னைக் கூப்பிட்ட தாவீது மஞ்சள் காமாலையில் இறந்து நாற்பது நாளாகிவிட்டது.

தாவீது எலக்ட்ரீசியன். கொச்சிக்கு வேலைக்குப் போனபோது பழைய காகிதக் கடையொன்றில் ஏழு டச்சுப் படங்களை வாங்கியிருந்தான். வேதாகமக் காட்சிகளைச் செம்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை பூசித் தாளில் அழுத்தி எடுத்தவை. பழைய தாள்களைச் செப்பனிடுவது என் தொழில்; அப்படித்தான் போனில் பழக்கம். ஆறு படங்களைப் புகைப்படமாக அனுப்பினான். ஏழாவது, செத்துப்போன ஒரே மகனை இயேசு எழுப்பிக் கொடுத்த நாயீன் ஊர் விதவையின் படம். "அத மட்டும் நேர்ல வந்து பாருங்கண்ணே" என்றான். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பது மணிக்கு ராஜபாளையம். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். அவன் அம்மா ஞானசெல்வம் பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்ப்பவர். எனக்காக விடுப்பு எடுத்திருந்தார். அந்தத் துணியிலேயே சுற்றிவைத்திருந்த படங்களைக் கட்டிலில் பரப்பினார். யோனாவை விழுங்க வரும் மீன், பின்னால் டச்சுக் கப்பல். ஆபிரகாமின் ஓங்கிய கத்தி. எண்ணினேன். ஆறுதான் இருந்தன.

"நாயீன் ஊர் படம் எங்கம்மா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவங்கூடவே பெட்டியில வச்சுட்டேன் தம்பி. அதுல ஆண்டவர் பாடையத் தொடுதாரு. எம் புள்ளையையும் தொடட்டும்னு நெஞ்சு மேல வச்சேன். விலையே மதிக்க முடியாததாம், பொறவுதான் எல்லாரும் சொன்னாவ. தப்பாப் போச்சோ?"

தாளில் விரல் ரேகை படக்கூடாது என்று இருபது வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். "இல்லம்மா" என்றேன்.

கல்லறை ஸ்ரீவில்லிபுத்தூரில், அவன் அப்பாவுக்குப் பக்கத்தில். பதினோரு கிலோமீட்டர் பேருந்தில் போனோம். மண்மேடு இன்னும் இறுகவில்லை. மரச்சிலுவையை நேராக்கிவிட்டு அவர் சொன்னார்:

"நீங்க பாக்கலைல்லா, நான் சொல்லுதேன். ஊர்வாசல். பாடையத் தூக்குனவிய நாலு பேரு நிக்காவ. அந்த அம்மா ஒரு கையால மொகத்த மூடிட்டு, இன்னொரு கையால பாடையப் பிடிச்சிருக்கா. விட மாட்டேங்கா."

"பையன் எழுந்துட்டானாம்மா?"

"இல்ல தம்பி. எந்திரிக்கதுக்கு முந்துன நேரம் அது."

பேருந்து நிலையத்தில் ராஜபாளையம் வண்டி முதலில் வந்தது. அவர் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "மத்த ஆறையும் பூச்சி அரிக்காம எப்படி வச்சுக்கிடணும்னு ஒரு தாள்ல எழுதி அனுப்புங்க" என்றார். மதுரை போகும்வரை அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை.