மெட்ராஸில் எங்கே தங்குவது

மெட்ராஸுக்குப் போகிறேன் என்று சொன்னால், என்ன வேலையாகப் போகிறாய் என்று விருத்தாசலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். "எங்க தங்கப் போற?" என்றுதான் கேட்பார்கள். பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சந்துக்குள் இருந்த லாட்ஜ்தான் அந்தப் பதில். பீங்கான் சாமான் லோடோடு போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தங்குவார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பேர்போன லாட்ஜ். பாதி நேரம் குழாயில் தண்ணீர் வராது. ஆனாலும் பக்கத்து லாட்ஜை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். காரணம், மேனேஜர் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கம்மாபுரத்துக்காரர். நம்ம ஆள் ஒருத்தர் அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும்போது வேறு இடத்தில் தங்கினால் அவர் முகத்தில் கரியைப் பூசுவதாகிவிடுமாம். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் அப்பா ஒரு பீங்கான் பட்டறையில் சரக்கு அனுப்பும் வேலை பார்த்தார். ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே வைக்கோலைத் திணித்து, லாரியில் ஒன்றுகூட உடையாமல் அடுக்கி, சில சமயம் லாரியோடு தானும் மெட்ராஸ் போய் வருவார். போகும்போதெல்லாம் மேனேஜருக்கு என்று ஒரு ஜாடி தனியாக எடுத்துக்கொள்வார். அந்த மனிதர் வீட்டில் ஊறுகாய்க்குத் தேவையானதைவிட ஜாடிதான் அதிகம் இருந்திருக்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பி.யு.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊர்ச் சரக்கை வாங்கி விற்கும் மெட்ராஸ் கம்பெனி ஒன்று டைப்பிஸ்ட் வேலைக்கு என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. வேலை கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை.

தங்குவதற்கு இடம்கூட நானே பார்த்து வைத்திருந்தேன். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா கிறிஸ்தவர். வேப்பேரியில் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டல் இருக்கிறது, வெளியூரிலிருந்து வரும் பெண்கள் ஓரிரு நாள் தங்கலாம், வேலை கிடைத்தால் அங்கேயே இடமும் கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். நான் எழுதித் தருகிறேன் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன்.

"யாரு எவருன்னு தெரியாத எடத்துல உன்ன வுட்டுட்டு வரச் சொல்றியா? நம்ம மேனேஜர் இருக்கறாரு. அங்க ரெண்டு பேரும் தங்கிக்கலாம்" என்றார் அப்பா.

"அப்பா, அது முழுக்கப் பொம்பளைங்க இருக்கற எடம். ஆம்பளைங்க உள்ளவே போவ முடியாது."

"அதான் பயமா இருக்குது" என்றார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆண்கள் நுழைய முடியாத இடத்தில் மகளை விடப் பயம். வராந்தாவெல்லாம் ஆண்கள் பனியனோடு உலாத்தும் லாட்ஜில் பயமில்லை, ஏனென்றால் அந்தப் பனியன்கள் எல்லாம் நம்ம ஊர்ப் பனியன்கள். அம்மாவும் அப்பா பக்கம்தான் பேசினாள். டீச்சரம்மாவிடம் போய், வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்டர்வியூவுக்கு முதல் நாள் சாயங்காலம் எழும்பூரில் இறங்கினோம். அப்பா முன்னால் ஜாடியோடு, நான் பின்னால் பையோடு. மேனேஜர் எழுந்து வந்து ஜாடியை வாங்கி வைத்துக்கொண்டார். காபி வரவழைத்தார். ஊரில் மழை உண்டா என்று விசாரித்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. பாப்பாவ மேல அனுப்ப முடியாது. எல்லா ரூம்லயும் நம்ம ஊரு ஆளுங்களா இருக்கறாங்க. நாளைக்கு எவனாவது ஊர்ல போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுனான்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

பெற்ற மகளோடு அப்பா ஒரு ரூமில் தங்கினால் அதில் பேச என்ன இருக்கிறது என்று அப்பா கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "சரிதான், சரிதான்" என்று தலையாட்டினார். தெரிந்த இடம் என்பதற்காக இவ்வளவு தூரம் வந்தோம். தெரிந்த இடம் என்பதாலேயே இடமில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு லாட்ஜுக்குப் போயிருந்தால் ரிஜிஸ்டரில் அப்பா, மகள் என்று எழுதிச் சாவியைக் கையில் கொடுத்திருப்பான்.

அப்பாவைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னேன். "வேற லாட்ஜு பாக்கலாம்பா. இல்லன்னா வேப்பேரிக்கே போயி கேட்டுப் பாக்கலாம். பக்கந்தான்."

"அவரு மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுட்டு இன்னொரு எடத்துக்குப் போவறதா? அவரு என்னா நெனப்பாரு?"

அவர் என்ன நினைப்பார்! நான் என்ன நினைப்பேன் என்று அப்பாவுக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. நடுத்தெருவில் நின்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. வாய் திறந்ததெல்லாம் பிற்பாடுதான்.

மேனேஜரே ஒரு வழி சொன்னார். திருவொற்றியூரில் அவருடைய அக்கா வீடு இருக்கிறது, நான் அங்கே தங்குவது, அப்பா லாட்ஜில் தங்குவது. அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பஸ் பிடித்து என்னை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார். மீன் குழம்பு ஊற்றினார், பாய் போட்டார். இடையிடையே என் நட்சத்திரம் கேட்டார், எங்கள் சொந்தக்காரர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டார். அவருடைய மகனுக்குத் துறைமுகத்தில் வேலை. அந்த மகன் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

காலையில் அப்பாவும் மேனேஜரும் பூவும் பழமுமாக வந்து நின்றார்கள். நான் புடவை கட்டி, சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தேன். அந்த அம்மாள் பூவைக் கிள்ளி என் தலையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"மெட்ராஸ்ல எங்க தங்குவேன்னு ஆபீஸ்ல கேட்டாங்கன்னா எங்க வூட்டச் சொல்லும்மா. எப்படியும் இந்த வூட்டுக்கு வரப்போற பொண்ணுதான?"

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். ராத்திரி லாட்ஜில் அவரும் மேனேஜரும் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். இன்டர்வியூவுக்குக் கூட்டி வந்த மகளுக்கு ஒரு ராத்திரிக்கு இடம் தேடியவர், ஆயுசுக்கும் இடம் பார்த்துவிட்டார்.

கம்பெனியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டைப் அடிக்கக் கொடுத்ததைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். எங்கள் ஊர்ச் சரக்கைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நடுவில் இருந்தவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடைசியில் அவர்தான் அதைக் கேட்டார்.

"மெட்ராஸ்ல எங்க தங்குவீங்க?"

"ஹாஸ்டல்ல சார். வேப்பேரியில."

"அங்க இடம் கேட்டு வச்சிருக்கீங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"நேத்து ராத்திரி எங்க தங்குனீங்க?"

"தெரிஞ்சவங்க வீட்ல. திருவொற்றியூர்ல."

"பின்ன என்ன? அங்கேயே இருந்துக்கலாமே" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை எனக்குத்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையோடு பூவும் பழமும் சேர்ந்து வரும் என்பதும் தெரிந்தது.

"அங்க இருக்க மாட்டேன் சார்" என்றேன்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரிந்த குடும்பம் இருக்கும்போது அங்கே தங்க மாட்டேன் என்கிற பெண், இடமே கேட்டு வைக்காமல் ஹாஸ்டல் என்கிற பெண். என்னைப் பற்றி அவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. முதல் நாள் ராத்திரி வேப்பேரியில் தங்கியிருந்தால் இடம் கேட்டுவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். லெட்டர் போடுகிறோம் என்றார்கள். போடவில்லை.

ரயிலில் திரும்பும்போது அப்பா என்னோடு பேசவில்லை. மேனேஜரின் அக்கா வீட்டு விலாசத்தைச் சொல்லாமல் வந்து அவரை அவமானப்படுத்திவிட்டேனாம். திருவொற்றியூருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று ஒரேயடியாகச் சாதித்தேன். அந்த ஒன்றில்தான் ஜெயித்தேன். தை மாதம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் வேறு ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

சில வருஷம் கழித்து, பீங்கான் படிப்பு முடித்த என் தம்பியை அதே கம்பெனி கூப்பிட்டது. தனியாகத்தான் போனான். லாட்ஜ் மேனேஜர் மாடியில் தனி ரூம் கொடுத்து, கீழே வந்து காபியும் வாங்கிக் கொடுத்தாராம். வேலையோடு திரும்பி வந்தவன் என்னைப் பார்க்க ஸ்ரீமுஷ்ணம் வந்தான். பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே இன்டர்வியூவில் என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். சூளையைப் பற்றிக் கேட்டார்கள், மண்ணைப் பற்றிக் கேட்டார்கள், எப்போது வந்து சேர்கிறாய் என்று கேட்டார்கள் என்றான்.

"மெட்ராஸ்ல எங்க தங்குவேன்னு கேட்டாங்களா?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "அத எதுக்குக்கா என்னாண்ட கேக்கறாங்க?" என்றான்.