சாக்பீஸ் திரி

எண்ணிப் பார்க்காமல் எனக்கு எதுவும் ஓடாது. சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் பிழை திருத்தும் வேலை. தினசரி காலண்டரில் ஒரு தேதித் தாள் விடுபடக் கூடாது, ஒரே தேதி இரண்டு முறை வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, எண்ணுவது கண்ணோடு ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் விழுந்த இட்லியை விட்டுவிட்டுப் பாத்திரத்தில் மிச்சம் இருப்பதை எண்ணுவேன்.

அதனால், மகள் என்னைத் தன் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "எத்தனை பிள்ளைக?" என்பதுதான்.

மகள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. அந்தப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். மற்றொரு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். மாற்று ஆள் வருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பேசி, அதுவரை என்னை உட்கார வைப்பது என்று முடிவாகியிருந்தது.

"ஒன்னு, ரெண்டு, மூணு, மூணு வகுப்பும் ஒரே ரூம். மொத்தம் முப்பத்தொன்னு" என்றாள் மகள். "நீங்க பாடம் நடத்த வேணாம்ப்பா. நான் பக்கத்து ரூம்ல நாலு, அஞ்சுக்கு நடத்துறப்ப இவுகள வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. சத்தம் வராமப் பாத்துக்கிட்டாப் போதும்."

"என் பிரஷர் மாத்திரை?"

"எடுத்து வச்சிட்டேன்."

"அந்த ரூம்ல ஃபேன் ஆடுதுன்னு சொன்னியே?"

"ஆடும். விழாது."

முதல் நாள் நான் அந்த ஃபேனுக்கு நேர் கீழே இல்லாதபடி நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அதற்குள் ஒரு பிள்ளை கேட்டது, "தாத்தா, நீங்க எதுக்கு மூலையில ஒளிஞ்சிருக்கீக?" சார் என்று கூப்பிடச் சொன்னேன். இரண்டு பேர் சார் என்றார்கள். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் நான் கடைசி வரை தாத்தாதான்.

அந்த ஊரில் முக்கால்வாசி வீடுகளில் தாயும் தகப்பனும் பட்டாசுக் கம்பெனி வேலை. காலையில் ஏழு மணிக்கெல்லாம் கம்பெனி வண்டி வந்துவிடும். வண்டி ஏறும்போதே பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கி விட்டுப் போய்விடுவார்கள். ஆகவே மணி அடித்து நான் உள்ளே நுழையும்போது, அதுகள் இரண்டு மணி நேரமாகக் கத்திப் பழகித் தொண்டையைத் தீட்டி வைத்திருக்கும். அந்த இரைச்சலைக் காது கேட்கும் என்று சொல்வதை விட, பல் கேட்கும் என்று சொல்லலாம். அப்படிக் கூசும்.

நான் படித்த காலத்து வழிகளை எல்லாம் எடுத்தேன். "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டே பேச அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும்படி மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் சாக்பீஸைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பலகை நிறைந்துவிட்டது. பெயர் வராதவர்கள், "என் பேரையும் எழுதுடி" என்று வரிசையில் வந்து நின்றார்கள். ஒருவன் தன் பெயரில் தப்பான 'ண' போட்டுவிட்டாள் என்று அழுதான். போய்ப் பார்த்தேன், தப்புதான். அதைத் திருத்தினேன். திருத்தத் தொடங்கினால் பலகையில் மேலும் ஏழு பிழைகள் இருந்தன. நான் ஒவ்வொன்றாகத் திருத்தி முடித்துத் திரும்பும்போது, என் முதுகுக்குப் பின்னால் பெஞ்சு ஒன்று பஸ் ஆகிச் சாத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் அடித்தான்.

இதெல்லாம் எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். சத்தத்தால் நிஜமாகவே நஷ்டப்பட்டவள் முதல் பெஞ்சில் இருந்தாள்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி. பிறவியிலேயே காது மந்தம். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வகுப்புக்குள் வந்ததும் அவள் அதைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். ஏன் என்று பார்க்க ஒரு நாள் அதை வாங்கி என் காதருகே வைத்தேன். கீ என்று ஒரு விசில், அதற்குப் பின்னால் பொங்கலுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு. யாருடைய குரலும் தனியாக இல்லை. நானாக இருந்தாலும் கழற்றித்தான் வைத்திருப்பேன்.

அடுத்த நாள் நாங்கள் ஏழு மணிக்கே பள்ளிக்கு வந்திருந்தபோது, அவள் தாய் என் மகளிடம் வந்து பேசினாள். கம்பெனியில் திரி சொருகும் வேலை பார்ப்பவள். வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது.

"வீட்ல மிஷினு மாட்டுனா நல்லாத்தான் பேசுது டீச்சர். இங்கன வந்தாக் கழட்டி வச்சிருது. கேட்டா, இரையுதும்மாங்குது. மூணாப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியல."

"நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் என் மகள்.

"மதுரைல இதுக்குன்னு விடுதியோட பள்ளிக்கூடம் இருக்காம். நல்லா பாத்துக்கிடுவாகளாம். எட்டு வயசுப் பிள்ளைய அம்புட்டுத் தூரத்துல விட்டுட்டு எனக்குச் சோறு இறங்காது. அதுக்காக இங்கன சும்மா உக்கார வைக்கவும் முடியாதுல்ல? காலாண்டு வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல டி.சி. குடுத்துருங்க."

வண்டியில் இருந்து ஒருவன் கத்தினான். "ஏத்தா, வாரீகளா, வண்டிய எடுக்கவா? ஆர்டர் நிக்குதுல்ல!"

அவள் போய்விட்டாள். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பவன் நான். அன்று இரவு எனக்குப் பிரஷர் கூடியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது என் சாமர்த்தியம் அல்ல, என் கை நடுக்கம். ஒரு நாள் பலகையில் பெரிதாக 'அமைதி' என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டேன். கை நடுங்கியதில் கோடு நெளிநெளியாகப் போனது. கடைசியில் சாக்பீஸ் ஒடிந்து ஒரு உருண்டைப் புள்ளி விழுந்தது. இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அதைப் பார்த்தான்.

"ஏலே, திரிலே! பத்த வச்சிட்டாரு! காதப் பொத்து!"

அவ்வளவுதான். வகுப்பு அப்படியே நின்றது. ஃபேன் ஆடும் சத்தம் முதல் முறையாக எனக்குக் கேட்டது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, அந்தப் புள்ளியையே பார்த்தார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் அதைக் கோடு என்றோ பாம்பு என்றோ சொல்லியிருக்கும். இதுகளுக்கு நெளிந்த கோடு என்றால் திரி, அதன் முனையில் இருப்பது வெடி. நான் அசையாமல் நின்று தலைகளை எண்ணி முடிக்கும்போது எவனோ "டமார்!" என்றான். வகுப்பே சேர்ந்து டமார் என்றது.

மகள் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தாள். "என்னப்பா நடக்குது இங்க?"

"அமைதியா இருந்தாக."

"இதுக்குப் பேரு அமைதியா?"

மறுநாள் வேண்டுமென்றே நீளமாக ஒரு திரி வரைந்தேன். ஒரு முனையிலிருந்து கட்டை விரலால் அழித்துக்கொண்டே வந்தேன். எரிகிற வரைக்கும் ஒரு மூச்சு இல்லை. புள்ளியை நெருங்கியதும், மகளுக்குப் பயந்து, "சரி, வெடிக்க வேணாம், புத்தகத்தை எடுங்க" என்றேன். மகா தப்பு. "நமத்துப் போச்சு! தாத்தா வெடி நமத்துப் போச்சு!" என்று தாளம் போட்டுப் பாடினார்கள். அதற்குப் பிறகு அன்று எத்தனை திரி வரைந்தாலும் யாரும் மதிக்கவில்லை. வெடிக்காத சரக்குக்கு அந்த ஊரில் மரியாதை கிடையாது.

ஆகவே வெடிக்க விட்டேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் எதிர் வீட்டுப் பெண் ஒருத்தி, கையில் சோற்றுக் கரண்டியோடு கேட்டுக்கு வந்து நின்றாள். "எப்பா, அந்தச் சத்தத்த மட்டும் போட வேணாம்னு சொல்லுங்க. பிள்ளைகதான்னு தெரியுது. தெரிஞ்சும் கம்பெனிப் பக்கம் புகை வருதான்னு பாக்க ஓடியாந்துர்றேன்ல" என்றாள். அவள் வீட்டிலிருந்து மூன்று பேர் கம்பெனிக்குப் போகிறார்கள். என் மகளும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

வெடியும் கூடாது, நமத்துப் போகவும் கூடாது. என்ன செய்வது என்று தெரியாமல் மறுநாள் பழக்கத்தில் ஒரு திரியைப் பற்ற வைத்துவிட்டு, கவலையில் கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு தலை. அறுபத்திரண்டு கை. காதில் இருந்தது அறுபது. திரும்ப எண்ணினேன். அறுபதுதான்.

மிச்சம் இரண்டும் முதல் பெஞ்சில், பென்சில் டப்பாவின் மேல் இருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வாங்கி வைத்திருந்த அமைதியில் ஒருவர் காதும் திறந்திருக்கவில்லை. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டிருக்கும்போது நான் எதைச் சொல்லி என்ன? நேராக அவளிடம் போய்க் குனிந்து, மிஷினை மாட்டச் சொல்லிச் சைகை காட்டினேன். மாட்டினாள்.

"நீ ஏன் பொத்தல?"

"வெடி எனக்குச் சின்னதாத்தான கேக்கும். எதுக்குப் பொத்தணும்?"

அந்த அறையில் அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்ற முப்பது பேரும் காதைப் பொத்தியிருந்ததால் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

"தீவாளிக்கு வெடி போட மாட்டியா?"

"நான் பூச்சட்டி வைப்பேன். அதுக்கு யாருமே காதப் பொத்த மாட்டாக, தாத்தா."

நான் பலகைக்குப் போய்ப் புள்ளியை அழித்தேன். அந்த இடத்தில், புஸ்வாணம் என்கிறார்களே, அந்தப் பூச்சட்டியைக் கூம்பாக வரைந்தேன். இனிமேல் திரி இதில்தான் போய் முடியும் என்றேன்.

பெரிய கலவரம். ஒருவன் அணுகுண்டுதான் வேண்டும் என்றான். இன்னொருவன் பத்தாயிரம் வாலா கேட்டான். "பத்தாயிரத்தையும் நான் எண்ணி முடிக்கணும்லே, பள்ளிக்கூடம் விட்ருவாக" என்றேன். "பூச்சட்டி பொம்பளப் பிள்ளைக வைக்கிறது" என்று அணுகுண்டுக்காரன் முகத்தைச் சுளித்தான்.

"போடா" என்றாள், பெயர் எழுதும் பெண். "உங்கப்பா கம்பெனில பூச்சட்டிக்குத்தான மருந்து அடைக்காரு? அவரு என்ன பொம்பளையா?"

அவன் உட்கார்ந்துவிட்டான்.

முறை இப்படி ஆனது. ஒருவர் எழுந்து ஒரு வாக்கியம் வாசித்தால் திரியில் ஒரு கட்டை விரல் அகலம் எரியும். நடுவில் சத்தம் வந்தால் எரியாது, நிற்கும். திரி பூச்சட்டியைத் தொட்டதும் எல்லோரும் எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, விரல்களை விரித்து, "ஸ்ஸ்ஸ்" என்று பூவாகக் கொட்டிவிட்டு உட்காரலாம். பொத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் கைகள் மடிக்கு வந்தன, காதுகள் வெளியே வந்தன.

எல்லா நாளும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். முட்டை போடும் நாளில் சமையல் அறையிலிருந்து வாசம் வந்துவிட்டால் எந்தத் திரியும் பற்றாது. மழை வந்தாலும் அப்படித்தான். ஒன்றாம் வகுப்பில் ஒரு பயல், திரி பாதி எரியும்போது தினமும் ஒண்ணுக்கு என்று விரலைக் காட்டுவான். ஆனாலும் பென்சில் டப்பாவுக்குள் மிஷின் கிடக்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் திரி எரியும்போது மட்டும் மாட்டினாள். பிறகு கழற்ற மறந்தாள். வாசிப்பு இன்னமும் திக்கியது. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில்தான் இருந்தாள். காலாண்டுப் பரீட்சையில் அவள் வாங்கிய மார்க்கைச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள்.

பரீட்சை முடிந்து பள்ளி திறந்த வாரம் அவள் தாய் வந்தாள். கம்பெனியில் அரை நாள் கேட்டு வந்திருக்கிறாள். கையில் மஞ்சப்பை. உள்ளே ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கும், டி.சி. வாங்கத்தான் வந்திருக்கிறாள். என் மகள் அவளை என் வகுப்பு வாசல் வரை கூட்டி வந்துவிட்டாள். திரி எரிந்துகொண்டிருந்தது. எனக்கு விரல் வேர்த்து, சாக்பீஸ் தூள் ஒட்டியது. இந்த நேரம் பார்த்து ஒண்ணுக்குப் பயல் கையைத் தூக்கிவிடக் கூடாதே என்று அவனையே பார்த்தேன்.

கடைசி பெஞ்சில் ஒருவன் வாசித்தான். "குரங்கு மரத்தில் ஏறியது. பாலத்தைத் தின்றது."

பழத்தை என்பதைத்தான் அப்படிப் படித்தான். எனக்கே ஒரு நொடி பிடித்தது. அதற்குள் முதல் பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு. திரும்பிப் பார்க்காமல், அவன் வாயைப் பார்க்காமல், பலகையைப் பார்த்தபடியே சிரித்தாள். "பாலத்தத் தின்னா நாம எப்படிச் சாத்தூர் போறது?" என்றாள். பிறகுதான் மற்றவர்களுக்குப் புரிந்து சிரித்தார்கள்.

தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். முதல் பெஞ்சில் இருந்த தன் பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் பலகையைப் பார்த்தாள்.

"இம்புட்டு நீளத் திரியா? எங்க கம்பெனில இப்படி வச்சா போர்மேன் வைவாரு" என்றாள்.

"அளவு தெரியாமத்தான் வச்சிட்டேன்" என்றேன்.

அவள் தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினாள். "டி.சி. இப்ப வேணாம் டீச்சர். அரையாண்டு வரைக்கும் இங்கனயே இருக்கட்டும். அப்புறம் பாப்போம்."

"பாப்போம்" என்றாள் என் மகள்.

"தாத்தா, திரி நிக்குது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இன்னும் இரண்டு விரல் பாக்கி இருந்தது. ஒருவரையும் வாசிக்கச் சொல்லாமல் இரண்டு விரலையும் ஒரே இழுப்பில் அழித்தேன். எல்லோரும் எழுந்து கையைத் தூக்கினார்கள். வழக்கம் போல எண்ணினேன். அறுபத்திரண்டு வர வேண்டும், அறுபத்துமூன்று வந்தது. வாசலில் நின்றவளும் ஒரு கையைத் தூக்கி விரலை விரித்திருந்தாள். இன்னொரு கையில் மஞ்சப்பை இருந்தது.