அத்தானைத் தூக்கிய அக்கா

இந்த நினைவு மலரின் அட்டைப் படத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். பட்டுச்சேலையும் மல்லிகைப் பூவுமாக இருக்க வேண்டியவர், சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு கையிலும் இரும்பு டம்பெல்லோடு நிற்கிறாரே என்று. அச்சகத்துக்காரர்கூட "சார், வேற படம் இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். பெட்டி நிறைய இருக்கிறது. ஆனால் அக்கா பல் தெரியச் சிரிப்பது இந்த ஒரு படத்தில்தான். ஆகவே இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். உடன்பிறந்த ஒரே தம்பிக்கு அந்த உரிமைகூட இல்லையா?

எங்கள் அக்கா தேவதானத்தில் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா அவரை வயலில் இறங்கவே விடவில்லை. "நீ படிச்சு ஆபீசுக்குப் போ" என்றார். அப்படியே நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தார். காவல்துறையில் இருந்த அத்தானை மணந்து ராஜபாளையத்தில் குடியேறினார். அதன்பிறகு முப்பது வருடம் காலையில் பஸ், பகல் முழுக்க நாற்காலி, மாலையில் பஸ். ஒரே மகளை நன்றாகப் படிக்க வைத்தார். யாரிடமும் கை நீட்டாமல், யார் மனமும் நோகாமல் வாழ்ந்தார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது முழங்கால் வலியும் சர்க்கரையும் கூடவே வந்தன. "வயசாச்சுல்லா" என்று எல்லோரையும் போலத்தான் அவரும் சொன்னார்.

அத்தான் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவை மறைக்கிற உடம்பு. அவருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும், பெங்களூரிலிருந்து வந்த மகள், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கலாம், இல்லையென்றால் மதுரையில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்றாள். அத்தானுக்குப் பேச்சு குழறியது. ஆனால் இந்த ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார்: "வேத்தாளு என் மேல கை வைக்கப்படாது."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றார் அக்கா.

நான்காம் நாள் காலையில் அத்தானைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இருவரும் சரிந்து விழுந்தார்கள். அக்கா அடியில், அத்தான் மேலே. பால்காரர் வந்து பார்த்துச் சத்தம் போடும்வரை அப்படியே கிடந்திருக்கிறார்கள். நான் ஓடிப்போனபோது அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, இவியள என்னால தூக்க முடியலலே" என்றார். அவர் தோற்றுப்போய்ப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மகள் கெடு வைத்துவிட்டாள். தீபாவளிக்குள் அம்மாவால் அப்பாவைப் பத்திரமாகத் தூக்கி உட்கார வைக்க முடியாவிட்டால் மதுரைதான். ஐந்து மாதம் இருந்தது.

வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் வழி காட்டினாள். "அம்மா, ஐயாவத் தூக்கணும்னா மொதல்ல உங்க கால்ல, முதுகுல பலம் வேணும். டாக்டர்ட்ட கேட்டுட்டு ஜிம்முக்குப் போங்க" என்றாள். மருத்துவரும் பரிசோதித்துவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்றார். நான்தான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

"எக்கா, இந்த வயசுல ஆணழகன் போட்டிக்கா போறீக?"

"ஆமலே. பரிசு உங்க அத்தான்தான்."

அந்த ஜிம் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. முதல் நாள் படியிலேயே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். துணைக்குப் போன எனக்கும் அதே கதிதான், வெளியில் சொல்லவில்லை. மாஸ்டர் ஒரு பெஞ்சைக் காட்டி, "உக்காந்து எந்திரிங்க மேடம், கை ஊனாம" என்றார். இதற்கா மாடி ஏறி வந்தோம் என்று எனக்கு எரிச்சல். ஏழாவது தடவையில் அக்காவின் தொடை நடுங்கியது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. அந்த ஏழு தடவையை என்னாலும் தாண்ட முடியாது!

வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். பெஞ்சில் உட்கார்ந்து எழுவது. சுவரைத் தள்ளுவது. பிறகு கையில் சின்ன எடை. பிறகு தரையில் கிடக்கும் இரும்புக் கம்பியை எடுத்து நிமிர்வது. மாஸ்டருக்கு ஒரே மந்திரம்தான்: "குதிங்கால ஊனுங்க, நெஞ்ச நிமித்துங்க, எந்திரிங்க." எடையை ஒரேயடியாகக் கூட்ட மாட்டார். வலித்தால் நிறுத்திவிடுவார். மூச்சை அடக்கினால் சத்தம் போடுவார். அங்கே வந்த இளவட்டங்கள் முதலில் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். இரண்டாம் மாதத்தில் அக்கா வந்தால் கம்பியை அவர்களே துடைத்து வைத்தார்கள்.

நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த மாடிப்படியில் அக்கா நிற்காமல் ஏறினார். முழங்கால் வலி பாதியாகக் குறைந்தது. தொடைக்கு வலு வந்தால் முட்டியின் பாரம் குறையும் என்று அந்தப் பிசியோ பெண் சொன்னது கண்முன்னே பலித்தது. சர்க்கரை அளவைப் பார்த்த மருத்துவர் தாமாகவே ஒரு மாத்திரையைக் குறைத்தார். படுத்ததும் தூக்கம் வந்தது. உறவில் ஒரு கல்யாணத்தில் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கையை ஊன்றாமல் சட்டென்று எழுந்தார் பாருங்கள், பக்கத்திலிருந்த பெண்கள் எல்லோரும் சாப்பாட்டை மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தப் பந்தியிலும் "கை ஊனாம எந்திரி பாப்போம்" என்று எல்லோரையும் வம்புக்கு இழுப்பதே அக்காவுக்கு வேலையாகப் போயிற்று.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு மகள் வந்தாள். அக்கா கட்டிலருகே போனார். அத்தானின் பாதங்களைச் சரியாக வைத்தார். அவர் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, அதை இரு கையாலும் பிடித்தார்.

"குதிங்கால ஊனுங்க. நெஞ்ச நிமித்துங்க. ம், எந்திரிங்க!"

அத்தான் எழுந்து நின்றார். அக்கா அசையவில்லை. மெதுவாகத் திரும்பி நாற்காலியில் உட்கார வைத்தார். "ஏட்டி, நீ எனக்கு மேல போலீசாயிட்டியே" என்று அத்தான் குழறினார். மகள் விசும்பி விசும்பிச் சிரித்தாள். மதுரைப் பேச்சு அன்றோடு முடிந்தது.

ஆனால் அக்கா முடிக்கவில்லை. இனி அத்தானுக்குப் பயிற்சி! ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுவது, வாக்கரோடு நடப்பது, பிறகு அது இல்லாமல் நடப்பது என்று வருடக்கணக்கில் விடாமல் செய்ய வைத்தார். இடது கைக்கும் வேலை வேண்டுமென்று, பிசியோ பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தோளில் வைத்து முற்றத்தில் நடக்க விட்டார். அதைப் பார்த்த எதிர்வீட்டு மதினி அலறிவிட்டார்கள்.

"அய்யய்யோ, இது என்ன கூத்து! நல்லா இருக்கையிலயே ஆம்பள குடத்தத் தோளுல வச்சுச் சுத்தலாமா? அது மயானத்துல செய்யுறது!"

நம் பக்கத்தில் கொள்ளிக்குடம் மட்டும்தானே ஆண்கள் தோளில் ஏறும்? அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். "சரி மதினி, இடுப்புல வச்சாப் போச்சு" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெற்ற ஏட்டு, பெண்களைப் போல இடுப்பில் குடத்தோடு நடந்தார். தெருவே சிரித்தது. தினம் ஒரு தம்ளர் தண்ணீர் கூடியது. ஒருநாள் குடம் பாதி நிறைந்திருந்தது. அத்தானின் இடது கை அதை விடாமல் அணைத்திருந்தது.

சென்ற வருடம் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. எந்தப் பயிற்சியாலும் எல்லா நோயையும் தடுத்துவிட முடியாது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதன்பிறகு இருந்த மூன்று மாதமும் அக்காவைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது அத்தான். "குதிங்கால ஊனு" என்று இப்போது அவர் சொன்னார். அக்கா அந்த வலியிலும் "மொதல்ல நீங்க ஒழுங்கா ஊனுங்க" என்று திருத்தினார்.

கடைசி வாரத்தில் என்னைக் கூப்பிட்டார். "ஏலே, எனக்குக் குடம் அவியதான் தூக்கணும். இனிமே தோளுல வச்சா மதினிகூட ஒண்ணும் சொல்ல மாட்டாக."

மயானத்தில் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. மகன் இல்லாததால் பங்காளி முறையில் ஒருவரைத் தயாராக வைத்திருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்று வரவேண்டும், பக்கவாதம் வந்த மனிதர் நடுவில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். தப்பில்லை. நான் அக்கா சொன்னதைச் சொன்னேன். அத்தான் யாரையும் பார்க்காமல் குனிந்து குடத்தை எடுத்தார். எடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்!

"ஐயா, தோளுல, தோளுல" என்று சடங்கு செய்பவர் பதறினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தோம், அழுதுகொண்டே. அத்தானும் சிரித்தார். பிறகு காலை அகட்டி நின்று, குடத்தை இடது தோளுக்கு ஏற்றினார். முதல் சுற்று. இரண்டாம் சுற்று. மூன்றாவதில் கால் லேசாகத் தடுமாறியது. பின்னாலேயே போன எனக்கு மட்டும் கேட்டது. "குதிங்கால ஊனு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊன்றினார். முடித்தார்.

என் அக்கா ஜெயித்துவிட்டார் என்று கத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

அக்காவுக்கு வழி காட்டிய பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கும், மருத்துவர்களுக்கும், கூச்சமின்றி அவரை வரவேற்ற ஜிம் மாஸ்டருக்கும் அங்குள்ள தம்பிகளுக்கும், அன்று காலையில் சத்தம் போட்டு ஊரைக் கூட்டிய பால்காரருக்கும், மூன்று மாதமும் கஞ்சி வைத்துக் கொடுத்த எதிர்வீட்டு மதினிக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உற்றார் உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நானும் இப்போது அந்த மாடியில் ஏறுகிறேன். பெஞ்சில் பதினைந்து வரை வந்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு பெஞ்ச் இருக்கும். மருத்துவரைக் கேட்டுவிட்டு நாளைக்கே தொடங்குங்கள்.

இன்றைய நினைவு நாள் பந்தி பாயில்தான். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறோம். சாப்பிட்டு முடித்ததும் கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். அவசரம் வேண்டாம், முதலில் சாம்பார் வரட்டும். வாளியை அத்தான்தான் எடுத்து வருகிறார், இடது கையில்.