அட்டையில் எழுந்த பாக்கு மரம்

விளையாட்டுப் போட்டிக்காக எங்கள் ஊரில் ஸ்டேடியம் கட்டியபோது, அதைச் சுற்றிக் குளமும் புல்மேடுமாக ஒரு பூங்காவும் அமைத்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். முட்டிவலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். அம்மாவோ டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பதே போதும் என்கிற கட்சி. பூங்கா அமைத்தபோது குச்சியில் கட்டி வைத்திருந்த கன்றுகளெல்லாம் இன்று கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். எனக்கும்தான் வயதாகிவிட்டது, மரத்தைச் சொல்லி என்ன.

திறப்பு விழாவில் நானும் இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளைப் படிவரிசைகளில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு கட்டு வண்ண அட்டை கொடுத்திருந்தார்கள். விசில் அடித்ததும் எல்லாரும் ஒன்றாகத் தூக்கினால் எங்கள் மாநிலச் சின்னமான பாக்கு மரம் பெரிதாகத் தெரியுமாம். எதிரே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையின் பின்பக்கம்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வீடு திரும்பியதும், மரம் தெரிந்ததா என்று அவரைத் துளைத்தெடுத்தேன்.

"பார்த்தேம்மா. எம்மாம் பெரிய மரம். நீதான் நடுத்தண்டு. நீ அட்டையைத் தூக்கலன்னா மரமே சாஞ்சிருக்கும்லா."

அதைக் கேட்டுப் பல வருஷம் தலைகால் புரியாமல் திரிந்தேன். அம்மாவைக் கேட்டால், "கூட்டத்துல என்னா தெரிஞ்சுச்சு" என்று முடித்துவிடுவார். அவருக்கு ரசனை போதாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அப்பா இறந்த பிறகு, மனது சரியில்லாத நாட்களில் அந்த நடுத்தண்டை நினைத்துக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருந்தபோது, குளத்துக்கு மேலே இருந்த மேட்டில் அம்மா நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதோ என்று நினைத்தேன்.

"இங்கதான் நின்னோம், நானும் அப்பாவும்."

"எப்போம்மா?"

"நீ அட்டை புடிச்ச அன்னிக்கு. அப்பாவுக்கு வேலை முடிய லேட்டாச்சு. வர்றதுக்குள்ள கேட்டைச் சாத்திட்டாங்க. வாசல்ல காவலுக்கு நின்ன ஜாகாகிட்ட எவ்வளவோ கெஞ்சினாரு. விடல."

"அப்ப அந்த மரம்?"

"நீதான் தினமும் வீட்ல பாக்கு மரம், பாக்கு மரம்னு உயிரை வாங்கினியே. உள்ள கைதட்டுற சத்தம் கேட்டுச்சு. இவரும் தட்டினாரு. புள்ளைகிட்ட சொல்லாதேன்னுட்டாரு."

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஏமாந்திருக்கிறேனே. பிறகு, அப்பா எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று கேட்டேன். அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். எதிரே ஸ்டேடியத்தின் பின்சுவர் மட்டும் தெரிந்தது. ஒரு ஜன்னல்கூட இல்லை.

வேலை உடுப்போடு இங்கே நின்று, அந்தச் சுவரைப் பார்த்துக் கைதட்டியிருக்கிறார் அப்பா.