தூசு என்றுதான் சொன்னார்கள்

திண்டிவனத்தில் ஒரு கிளினிக் வராந்தாவில் நான் இருமிய இருமலுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய் வேறிடத்தில் உட்கார்ந்தார். வறட்டு இருமல். சளி ஒரு சொட்டு வராது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் என் இதயம் தறிகெட்டு ஓடி, மண்டியில் மல்லாட்டை (நிலக்கடலை) ஏலம் கூவிக்கொண்டிருந்த என்னைத் தரையில் சாய்த்தது. அரித்மியா (துடிப்பின் தாளம் தப்புவது) என்றார்கள். அமியோடரோன் (துடிப்பைச் சீராக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்தார்கள். ஒரு துடிப்பு முடிந்ததும் இதயத் தசை சற்று ஓய்வெடுக்கும். அந்த ஓய்வை இம்மாத்திரை நீட்டிவிடும். இடையில் புகும் கள்ள மின்சாரத்துக்கு வழி கிடைக்காது. இதயம் ஒழுங்காகத்தான் ஆனது. ஆனால் தைராய்டு (கழுத்துச் சுரப்பி), கல்லீரல், நுரையீரல் எதை வேண்டுமானாலும் இது பதம் பார்க்கலாம், அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்த மகானுபாவர் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல.

"மண்டித் தூசுதாங்க. மாஸ்க் போட்டுக்கினு வியாபாரம் பண்ணுங்க" என்றார் கிளினிக் டாக்டர். என் மாத்திரைச் சீட்டை அவர் கையால் தொடக்கூட இல்லை. மருந்துக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு சிரப் கொடுத்தார். என் மனைவி செல்வியின் அண்ணன் கிளியனூரிலிருந்து கஷாயம் காய்ச்சி எடுத்துவந்தார். என் நெஞ்சைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பொங்கலுக்கு மண்டியை மூடினோம். இருமல் அதிகமானது. மாடிப்படி ஏறினால் இரைத்தது.

"மண்டியே பூட்டிக் கெடக்குது. தூசு எங்கேர்ந்து வருதுங்க?" என்று கேட்டாள் செல்வி.

"வயசாயிடிச்சு இல்ல" என்றேன். பயத்தை மறைக்க அதைவிட மட்டமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாளே விழுப்புரத்தில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் என்னை இழுத்துப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா என் சீட்டை முழுதாகப் படித்தார்.

"இது தூசு இல்லங்க. இதய மாத்திரைதான் நுரையீரலைப் புண்ணாக்கியிருக்கு. மாத்தணும். ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. இதய டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

"மூச்சு பழையபடி வருமா?"

"கொஞ்சம் வரும். தழும்பு விழுந்த இடம் தேறாது."

ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) கொடுத்தார்கள். இதயத்துக்கு வேறு மாத்திரை. பாதி மூச்சு திரும்பியது.

இதே மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இருமினாலும் மூச்சு வாங்கினாலும், எந்த டாக்டரிடமும் முதலில் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். அவர் நிமிர்ந்து பார்க்காவிட்டால் மேஜையைத் தட்டிச் சொல்லுங்கள்.

இது உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும். நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அதனால் நாள்காட்டியைப் பார்த்து நான் குணமாக முடியாது. அது முழுக்க வெளியேறிய பின் இதயம் மறுபடி தறிகெடுமா என்பதும் தெரியாது. ஏலத்தை இப்போது செல்விதான் கூவுகிறாள்.

நேற்று அவள் அண்ணன் வந்தார். "மாத்திரைய நிறுத்திட்டாங்களாமே மச்சான். அப்ப எல்லாம் சரியாப் பூடுச்சு!" என்றார். அவரைத் திட்ட என்னிடம் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. வாயைத் திறந்தேன். முதல் வார்த்தையிலேயே மூச்சு தீர்ந்துவிட்டது.

மீதியைச் செல்வி திட்டி முடித்தாள்.