புறப்பட்டுப் போனதாக எழுத வேண்டுமாம்

பெங்களூர் ஹெப்பகோடியில் நான் தங்கியிருந்த பெண்கள் பிஜி விடுதியில், என் அறைத்தோழியை ஒரு காலைப்பொழுதில் வெளிநாட்டுக்காரி ஆக்கிவிட்டார்கள். அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த அவள், தலையோடு போர்த்திக்கொண்டு மேலே தூங்கிக்கொண்டிருந்தாள். கீழே வார்டன் ஆன்ட்டி கணினியை ஒற்றை விரலால் தட்டித் தட்டி அவளைப் பர்மாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவள் பக்கத்துத் தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சொந்த ஊர், நாட்டின் கிழக்கு ஓரத்தில் பர்மா எல்லையை ஒட்டிய மலை. அவளுடைய இனத்தார் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறார்கள், அந்தப் பக்கமும் இருக்கிறார்கள். கோடு போட வந்தவர்கள் அவர்களைக் கேட்டுக்கொண்டு போடவில்லை. பெண் கொடுப்பது, பெண் எடுப்பது, சாவுக்குப் போவது எல்லாமே அந்தக் கோட்டைத் தாண்டித்தான். அதனால்தான் அந்த மலைக்காரர்கள் விசா இல்லாமல் கொஞ்ச தூரம் போய்வரலாம், தங்கலாம் என்று இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. இப்போது அதையும் இறுக்கிக்கொண்டே வருகிறார்கள்.

அவள் அப்பா இந்தப் பக்கத்துக்காரர்; அரசுப் பள்ளி ஆசிரியர். அம்மா அந்தப் பக்கத்திலிருந்து வாழ வந்தவர். தலைப்பிரசவத்துக்கு அம்மா தன் தாய்வீட்டுக்குப் போனார். என் தோழி அங்கே பிறந்தாள். குழந்தைக்குத் தலை நின்றதும் முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்கி வந்துவிட்டார்கள். அவள் பர்மாவில் வாழ்ந்த வாழ்க்கை அவ்வளவுதான்.

நான் பிறந்தது குடியாத்தத்தில். அதே காரணம். என் அம்மா பெங்களூர் மர்பி டவுனிலிருந்து வளையல் அடுக்கிய கையோடு பஸ் ஏறித் தன் அம்மா வீட்டுக்குப் போனார். கொஞ்ச மாதம் கழித்து என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். உன் ஊருக்குப் போ என்று எனக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பியதில்லை. (காவிரித் தண்ணீர் பிரச்சினை வரும்போது சொல்வார்கள், சரி. ஆனால் முத்திரை வைத்து, பதிவுத் தபாலில் அல்ல.)

அவளுக்கு வந்தது பதிவுத் தபாலில். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலிருந்து. தாங்கள் செல்லத்தக்க விசா இன்றித் தங்கியிருப்பதாகத் தெரிகிறது, உரிய விளக்கம் தராவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற்ற நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. அதன் நகல் ஒன்று மருத்துவமனைக்கும் போயிருந்தது. நோட்டீஸ் முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

என் வேலையே இந்தத் தாள்கள்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில், வெளிநாட்டிலிருந்து வரும் பொறியாளர்களுக்கு விசா, தங்குமிடப் பதிவு எல்லாம் செய்துகொடுக்கும் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் விடுதிக்காரர் இணையத்தில் ஒரு படிவம் போட வேண்டும். எங்கள் ஆட்கள் அதை சி ஃபார்ம் என்பார்கள். அதனால் நோட்டீசைப் பார்த்ததுமே வேர் எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்கட்டில் தடதடவென்று இறங்கினேன்.

"ஆன்ட்டி, இவளுக்கு சி ஃபார்ம் போட்டீங்களா?"

வார்டன் ஆன்ட்டி கிருஷ்ணகிரிக்காரர். பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தார். "போட்டேனே. ஸ்டேஷன்ல இருந்து வந்து, ஃபாரினர் யாராச்சும் இருந்து பதியலைன்னா பிஜிக்குப் பூட்டு போட்ருவோம்னு மிரட்டிட்டுப் போனாங்க. எனக்கும் பயம் இருக்காதா?"

"இவ ஃபாரினர்னு யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா. பொறந்த ஊரு எதுன்னு கேட்டேன், சொன்னா. ஃபோன்ல போட்டுப் பாத்தா மேப்புல கோட்டுக்கு அந்தாண்ட காட்டுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"பாஸ்போர்ட் நம்பர்னு ஒரு கட்டம் வருமே, அதுல என்ன போட்டீங்க?"

"அவகிட்டதான் பாஸ்போர்ட்டே இல்லியே. காலியா விட்டா உள்ள போகமாட்டேங்குது. ஆதார் நம்பரைப் போட்டேன். கம்முனு எடுத்துக்கிச்சு."

கம்முனு எடுத்துக்கிச்சு! ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினால் என் பொறியாளர்களின் படிவத்தைச் சிவப்பு எழுத்தில் துப்பும் அந்த இணையதளம், இந்திய அரசே கொடுத்த ஆதார் எண்ணைப் பர்மா பாஸ்போர்ட் என்று மென்று விழுங்கியிருக்கிறது.

"இங்க பீகார், ஒடிசா, கேரளான்னு எல்லா ஊர்ப் பொண்ணுங்களும் இருக்காங்க. அவங்ககிட்டயும் பொறந்த ஊரு கேட்டீங்களா?"

"இல்ல..."

"இவகிட்ட மட்டும் ஏன்?"

"அவ மூஞ்சி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பீன்ஸைக் குனிந்து உடைத்தார். பின்னால் படியில் என் தோழி நின்றுகொண்டிருந்தாள்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு அவளோடு போனேன். அவள் அப்பா ஊரிலிருந்து தாள்களைக் கட்டாக அனுப்பியிருந்தார். அவருடைய பணிப் பதிவேட்டின் நகல், வாக்காளர் பட்டியல், அவளுடைய பள்ளிச் சான்று, பழங்குடிச் சான்று எல்லாம் இருந்தன. ஆனால் கட்டின் மேலே அவர் வைத்திருந்தது அவர்களுடைய ஊர்த்தலைவரின் கடிதம். அந்த மலையில் ஒரே தலைவருக்கு இரண்டு பக்கமும் கிராமங்கள் உண்டு. கடிதத்தின் தலைப்பில் அத்தனை கிராமங்களின் பெயரும் வரிசையாக அச்சாகியிருந்தது, இந்தியக் கிராமமும் பர்மாக் கிராமமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு. 'இவள் எங்கள் பிள்ளை' என்று தலைவரே சொன்ன பிறகு வேறு யார் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. அதனால் அதை மேலே வைத்திருந்தார்.

அதிகாரி மேலே இருந்ததை மட்டும்தான் படித்தார்.

"இது ஃபாரின் டாகுமென்ட் அல்வா?" என்றார், 'அல்லவா' என்பதைக் கன்னடத்தில். நான் கன்னடத்தில் விளக்க ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு அவரே தமிழுக்கு மாறினார். ஆனேக்கல்காரராம், எல்லா மொழியும் வரும்.

"கீழ இருக்கறதையும் பாருங்க சார். அப்பா கவர்மென்ட் வாத்தியார். ஆதார் இருக்கு."

"ஆதார் எல்லாம் சிட்டிசன்ஷிப் ஆகாதும்மா."

"ஆகாது சார், ஒத்துக்கறேன். பாஸ்போர்ட் ஆகுமா? உங்க ரெக்கார்டுல இவளோட ஆதார்தான் பர்மா பாஸ்போர்ட்டா நிக்குது."

"அது ஹாஸ்டல்காரங்க பண்ண தப்பு."

"அப்ப தப்புதான்னு சொல்றீங்க."

"நான் அப்படிச் சொல்லலை." பேனாவை மூடினார். "பொறந்தது அங்கயா இல்லியா? அதைச் சொல்லு. இவங்கம்மா எதுக்கு அங்க போனாங்க?"

"மூத்த புள்ள சார். அம்மா வீட்டுக்குப் போனாங்க."

"அது எப்படி எல்லை தாண்டிப் போவாங்க?"

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க எங்க பொறந்தீங்க?"

"தளி. அம்மா ஊரு." சொல்லிவிட்டுத்தான் என்னை முறைத்தார்.

தளி தமிழ்நாடு. ஆனேக்கல் கர்நாடகம். நடுவே கொஞ்சம் கேழ்வரகுக் காடும் ஒரு செக்போஸ்ட்டும்.

"உங்கம்மா எதுக்கு சார் எல்லை தாண்டிப் போனாங்க?"

"ஏய், அது ஸ்டேட்டும்மா! இது கன்ட்ரி!"

"கோடு எதுவா இருந்தா என்ன சார், தலைப்பிரசவம் தலைப்பிரசவம்தானே? அதுவும் அங்க போறதுக்கு அவங்களுக்கு உரிமை இருந்துச்சு. அப்பா இந்தியர்னா, அந்த வருஷங்கள்ல வெளிய பொறந்த புள்ளையும் இந்தியர்தான்னு சட்டத்துலயே இருக்கு. நான் சொல்லலை, உங்க..."

என் தோழி என் முழங்கையைப் பிடித்தாள். அவள் தமிழ் முழுக்க வார்டில் நோயாளிகளிடம் கற்ற தமிழ். அதைத் தவிர வேறு தமிழ் அவளுக்கு வராது. "மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடு," என்றாள் என்னிடம். "ஒண்ணும் ஆகாது. வலிக்காது."

அதிகாரி சிரித்துவிட்டார். அப்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அதுவரை அவளைப் பற்றிய கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வந்தன.

சிரித்த பிறகு நல்லவராகிவிட்டார். அதுதான் எனக்கு இன்றுவரை எரிகிறது. குரலைத் தாழ்த்தி, வீட்டுப் பெரியவர் மாதிரி சொன்னார்: "இங்க பாரு, சிஸ்டத்துல டெலீட்னு ஒண்ணு கெடையாது. ஆனா ஹாஸ்டல் லாகின்ல டிபார்ச்சர்னு ஒரு பட்டன் இருக்கு. அந்தம்மாவை அதை அமுக்கச் சொல்லு. அந்த ஃபாரினர் நாட்டை விட்டுப் புறப்பட்டுப் போய்ட்டதா ஆகிடும். நோட்டீஸ் தானா க்ளோஸ். இந்தப் பொண்ணு நாளைக்கே டியூட்டிக்குப் போகட்டும். யாரு கேக்கப் போறா?"

ஒரு கணம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஒரு பட்டன்தானே. திரும்பி ஆங்கிலத்தில் அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு அவரையே பார்த்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"சார். நம்பர் என்னுது. நம்பர் போயிடுச்சுன்னு எழுதுவீங்க. நாளைக்கு ரோட்டுல போலீஸ் நிறுத்தினா, அங்க நிக்கறது யாரு?"

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"நான் போகலை சார்," என்றாள்.

வெளியே வந்த பிறகுதான் யோசித்தேன். அந்தப் பட்டனை அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விசா இல்லாமல் வந்த பர்மாப் பெண் ஒருத்தி இந்த நாட்டில் இருந்தாள் என்றும், பிறகு வெளியேறினாள் என்றும் அரசின் பதிவு சொல்லும். நாளைக்கு அவள் பாஸ்போர்ட் கேட்டால், வேலை மாறினால், வீடு எடுத்தால், அந்த இல்லாத பெண் எழுந்து வந்து இவள் கழுத்தைப் பிடிப்பாள். தப்பைத் திருத்தச் சொன்னால், தப்பை உண்மையாக்கி முடித்துவைக்கிறேன் என்கிறார்கள். அதுவும் உதவி என்கிற பெயரில்!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே மாதத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்த ஜெர்மன் பொறியாளர் ஒருவருடைய பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தன. நான் ஒரு மின்னஞ்சல் போட்டேன். சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று பதில் வந்தது, திருத்தப்பட்ட தாளோடு. நான் மதியச் சாப்பாட்டிலிருந்து திரும்பியபோது அது வந்து காத்திருந்தது. அதே அலுவலகம். அதே சிஸ்டம். திருத்த முடியாது என்று ஒன்றுமே இல்லை அங்கே.

மருத்துவமனையில் பட்டனை அழுத்திவிட்டு வா என்றார்கள். ஆன்ட்டிக்கும் அதே ஆசைதான். "ஒரே ஒரு அமுக்கு அமுக்கிடட்டுமா கண்ணு? உனக்கும் நல்லது, எனக்கும் தல வலி வுட்டுது," என்று காபி கொடுக்கும்போதெல்லாம் கேட்டார். என் அம்மா ஃபோனில், "அந்தப் பொண்ணே சும்மா இருந்தாலும் நீ சும்மா இருக்கமாட்டியேடி," என்றார். அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் கீழே இறங்கி வந்து ஆன்ட்டியின் கணினிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் இன்னும் இருக்கேனா ஆன்ட்டி?"

ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். "இருக்க, இருக்க. போய் இட்லி சாப்புடு."

மனு மேல் மனு எழுதினேன். ஒவ்வொன்றிலும் தலைவரின் கடிதத்தை அடியில் வைத்துவிடலாம் என்று நான் சொல்ல, அவள் அதை எடுத்து மறுபடி மேலே வைத்தாள். இருவருக்கும் சண்டைகூட வந்தது. கடைசியில் தலைவர் மேலே, அவருக்கு நேர் கீழே அப்பாவின் பணிப் பதிவேடு என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். ஆன்ட்டியிடமும் எழுதி வாங்கினேன். 'அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நான்தான் அவள் முகத்தைப் பார்த்துத் தவறாகப் பதிந்தேன்' என்று அவரே தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்ததும், "இத்தப் படிச்சிட்டு என்னைப் புடிச்சிகினு போக மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். அவ்வளவு பயத்திலும் எழுதினார். அவர் மேல் இருந்த கோபத்தில் பாதியை அங்கேயே விட்டுவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியிருந்தபோது பதில் வந்தது. மேற்கண்ட பதிவு தவறுதலாகச் செய்யப்பட்டது எனத் தெரியவருவதால் ரத்து செய்யப்படுகிறது. ரத்து! இல்லவே இல்லை என்று சொன்ன அந்த வசதி, கேட்டுக்கொண்டே இருந்தால் இருக்கிறது. அடுத்த வரியில், மனுதாரர் இந்தியர் அல்லர் என்பதற்குத் தற்போது ஆதாரம் ஏதுமில்லை என்று எழுதியிருந்தார்கள். இந்தியர் என்று எழுதப் பேனா வரவில்லை. அந்தத் 'தற்போது' என்ற சொல்லைப் படித்துப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளைத் திருப்பியும் பார்த்தேன். வருந்துகிறோம் என்று எங்கும் இல்லை. அது ஜெர்மன்காரருக்கு மட்டும் போல.

வேலையில் மறுபடி சேர மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான் கூடவே நின்றேன். பெயர், தந்தை பெயர், முகவரி என்று விறுவிறுவென எழுதிக்கொண்டு வந்தவள் ஒரு கட்டத்தில் நின்றாள். பிறந்த ஊர்.

"அப்பா ஊரைப் போட்டுடு," என்றேன் மெல்ல. "யாரும் தோண்ட மாட்டாங்க. திரும்ப ஆரம்பிக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா அங்கதானே பெத்தாங்க?" என்றாள்.

பெரிய எழுத்துகளில், கட்டம் கொள்ளாமல், தாய்வீட்டு ஊரின் பெயரை எழுதினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டே வார்டுக்கு ஓடினாள்.